சட்டத்தை முந்திய மூலக்கூறுகள்

கஞ்சாவின் மயக்குஞ் சத்து யாது என்பது, 1964ஆம் ஆண்டிலே இஸ்ரேலிய ஆய்வாளர் மெக்கூலமும் காஓனியும் அதனைப் பிரித்தெடுத்துக் கட்டமைப்பை நிறுவியதன் பின்னரே தெளிவாயிற்று. அச்சத்து மூளையில் எங்கே பற்றுகின்றது என்பதை அறிய மேலும் கால் நூற்றாண்டு சென்றது. அது பற்றும் வாங்கியை ஆராய்தற்பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜோன் ஹஃப்மன் 1990களிற் பல நூறு சேர்வைகளைத் தொகுத்தார். அவர் பெயரின் முதலெழுத்துக்களையே அவை தாங்கின. ஆய்வுகூடத்துக்கு அப்பால் அவற்றுக்கு ஒரு சந்தை உண்டு என எவரும் அன்று கருதினாரல்லர்.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஐரோப்பியக் கடைகளில் 'ஸ்பைஸ்' என்ற பெயரில் நறும்புகை மூலிகைப் பொட்டலங்கள் விற்பனைக்கு வந்தன. மனிதர் நுகர்தற்குரியதன்று என உறையில் அச்சிடப்பட்டிருந்தது. வாங்கியோரோ அதனைப் புகைத்தனர். சாதாரண சிறுநீர்ச் சோதனையில் எதுவும் அகப்படவில்லை. 2008 டிசெம்பரில் பிராங்பேர்ட் நகரில் நடந்த பகுப்பாய்வொன்றே உண்மையை வெளிப்படுத்தியது: இலைகளின்மீது தெளிக்கப்பட்டிருந்தது ஹஃப்மனின் ஜே.டபிள்யூ.எச்.-018. 2009 ஜனவரியில் ஜேர்மனி அதனைத் தடைசெய்தது. நான்கு வாரங்களுள் ஜே.டபிள்யூ.எச்.-073 அதன் இடத்தைப் பிடித்தது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு, பக்கச் சங்கிலியில் ஒரு காபன் குறைந்தமையே.

இங்கேதான் சட்டவியலின் இடர்ப்பாடு தோன்றுகிறது. குற்றமெனப்படுவது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பது நாகரிக நாடுகளின் கொள்கை. அக்கொள்கையை எவரும் குறைகூற முடியாது. ஆயினும் பொருளைப் பெயர்சொல்லித் தடுக்கும் சட்டத்துக்கு, பெயரற்ற புதுப்பொருள் கட்டுப்படுவதில்லை. பிரித்தானியா 2009 டிசெம்பரில் தனிப்பொருள்களை விடுத்துக் கட்டமைப்பு வகைகளைத் தடைசெய்தது. 2016இல் உளத்தைப் பாதிக்கும் பொருள்கள் அனைத்தையும், மது, புகையிலை முதலிய விலக்குகளோடு, ஒரே சட்டத்துள் அடக்கியது.

நியூசிலாந்தின் பரிசோதனை இவற்றினும் துணிச்சலானது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், தீங்கு குறைவு என நிரூபிக்கும் பொறுப்பை உற்பத்தியாளரின் தலையிலேயே சுமத்தியது. சிந்தனையளவில் இது சிறந்த ஏற்பாடே. ஆனால் முன்பே விற்பனையிலிருந்த சில பொருள்களுக்கு இடைக்கால அனுமதி வழங்கப்பட்டமையால் மக்களின் எதிர்ப்பு மூண்டது. 2014 மே மாதத்தில் அவ்வனுமதிகள் யாவும் நீக்கப்பட்டன. பின்னர் ஒரு பொருளேனும் அங்கீகாரம் பெறவில்லை. வணிகம் மறைவிடத்துக்குச் சென்றது. 2017இல் ஓக்லாந்தில் ஆம்ப்-ஃபியூபினாகா என்னும் சேர்வையோடு தொடர்புடைய மரணங்கள் அடுத்தடுத்து நிகழ்ந்தன.

அதே சேர்வைதான் 2016 ஜூலையில் நியூயோர்க்கின் புறூக்ளின் வீதியொன்றில் ஒரே நாளில் 33 பேரை நடைப்பிணங்கள்போல் ஆக்கியது. கஞ்சாவின் சத்து மூளை வாங்கியை ஓரளவே தூண்டும். இச்சேர்வைகள் முழுமையாகத் தூண்டுவன. இதன் வலிமை அச்சத்தினைப்போல் 85 மடங்கு என மதிப்பிடப்பட்டது. போதாக்குறைக்கு, தெளிப்புச் சீராக அமையாமையால் ஒரே பொட்டலத்தின் ஒரு சிட்டிகை வெறுமையாகவும் மறு சிட்டிகை நஞ்சாகவும் இருக்கலாம். 2018இல் இலினோய் மாநிலத்திலோ எலிநஞ்சு கலந்த பொட்டலங்களால் நூற்றுக்கு மேற்பட்டோர் குருதிப்பெருக்குற்றனர், சிலர் இறந்தனர்.

2021 ஜூலை முதலாந் திகதி சீனா இச்சேர்வைகளை வகைமுறையில் தடைசெய்தது. அத்தடையின் வரைவிலக்கணத்துக்குப் புறம்பான கட்டமைப்புடைய சேர்வைகள் அதன்பின் சந்தையை அடைந்தன.