மூளைப் படமும் தமிழ்ப் பெயரும்

மனித மூளையைப் படத்தாற் காட்டும் நூல்கள் மேனாட்டிலே நெடுங்காலமாக வளர்ந்துவந்தவை. வெசாலியசு 1543இல் வெளியிட்ட உடற்கூற்று நூலின் ஏழாம் பகுதி மூளையைப் பற்றியதாகும். 1664இல் தோமஸ் வில்லிஸ் இயற்றிய மூளை நூலுக்குப் படம் வரைந்தவருள் ஒருவர், பின்னாளிலே இலண்டன் சென் போல் தேவாலயத்தை அமைத்த கிறிஸ்தோபர் றென். இந்நூல்களிலே உறுப்புகளின்மேல் எழுத்துக்குறிகளே காணப்பட்டன. பெயரை வேறிடத்தில் தேடல் வேண்டும். மூளையின் மடிப்புகளோ ஒன்றுபோல் மற்றொன்று தோன்றுவன. படத்துக்கும் பட்டியலுக்குமிடையே மாணாக்கனின் கண் அலைந்தது.

இவ்விடர்ப்பாட்டைக் களைந்தது 1858இல் வெளிவந்த ஹென்றி கிறேயின் நூல். அதன் 363 படங்களை வரைந்த வன்டைக் கார்ட்டர், பெயர்களை உறுப்புகளின் மேலேயே பொறித்தார். அவர் அவ்வாண்டிலேயே இந்தியாவுக்குப் புறப்பட்டுப் பம்பாயிலே பணியாற்றினார் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

படத்துக்கு மொழியில்லை என்பர். கார்ட்டரின் படங்களுக்கு அது பொருந்தாது. பெயர் படத்தோடு ஒன்றியமையால், பெயரில்லாத மொழிக்கு அப்படம் பாதி ஊமையே. ஈழத்திலே இத்தடையை எதிர்கொண்டவர் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயிலே வைத்தியம் கற்பித்த இவர், 1864 முதல் தமிழிலேயே போதிக்கலானார். கட்டரின் உடற்கூற்று நூலை 1852இலேயே தமிழாக்கியிருந்தார். கிறேயின் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என 1872இல் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் கிறீனின் மாணவர் டான்வோர்த். பெயர்கண்டு இவரை அமெரிக்கரென மயங்கலாகாது, அது மிசன் வழக்கால் வந்த பெயர்.

கிறீனின் சொல்லாக்க நெறி எளியது: முதலில் தமிழ்ச்சொல், அஃதில்லையேல் வடசொல், அதுவும் வாய்க்காவிடத்து ஆங்கிலச்சொல்லைத் தமிழெழுத்தில் எழுதுதல். ‘கெமிஸ்தம்’ என்ற நூற்பெயர் மூன்றாம் வகைக்குச் சான்று. வடசொல் மிகுதியென இன்று குறைகூறுவோர் உளர். அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் கேசாதிபாதம் கேட்டுப் பழகிய செவிக்கு அங்காதிபாதம் அந்நியமாக ஒலித்திராது. அக்கால மாணவன் அறிந்த ஓசையினூடே அறியாத பொருளைப் புகுத்திய திறம் அது. அவரிடம் பயின்று வைத்தியரான அறுபதுக்கு மேற்பட்டோருள் 33 பேர் தமிழிலே கற்றவர்கள்.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அதற்கு மூன்றாண்டு முன்னரே கொழும்பிலே மருத்துவப் பாடசாலை தோன்றிவிட்டது; அங்கே ஆங்கிலமே போதனாமொழி. 1978இல் யாழ்ப்பாணத்திலேயே மருத்துவ பீடம் அமைந்தபோதும், மாணவர் மூளைப் படத்தின் பெயர்களை ஆங்கிலத்திலேயே படித்தனர்.