கடிவாளத்தைத் தளர்த்தியவர்

"குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்" என்று ஒரு பழமொழி. கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அதில் இருக்கும் அநியாயம் நம் கண்ணில் படுவதில்லை. அது விழுந்தவன் சொன்ன கதை. குதிரையை யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் அது தன் கட்சியை என்னவென்று சொல்லியிருக்கும்? இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் ஓர் இத்தாலிய ராணுவ அதிகாரி. அவர் கதைக்குப் போகுமுன் நம் கொங்கு நாட்டு வேலியோரமாகச் சற்று நடந்துவிட்டு வருவோம்.

கணபதியில் நான் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓடும் சத்தி ரோடு, அன்னூர், புளியம்பட்டி வழியாகச் சத்தியமங்கலம் போய்ச் சேருகிறது. அங்கே 1790 செப்டம்பர் 13-ஆம் தேதி இரண்டு குதிரைப் படைகள் மோதிக்கொண்டன. கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி வந்த திப்பு சுல்தானின் படை ஒன்று. கர்னல் ஃபிளாய்டின் கும்பினிப் படை மற்றொன்று. முடிவில் ஃபிளாய்டு பின்வாங்கினார். ஆக, குதிரைக் குளம்படி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவில் இன்றைக்கும் குதிரைச் சந்தை கூடுகிறது.

ஆனால் நம்மவர்கள் குதிரையிடம் கேட்டது ஆட்டத்தையும் நிமிர்வையும்தான். ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்துக் கல் குதிரைகளைப் பாருங்கள். முன்னங்கால்களைத் தூக்கி விண்ணை முட்டி நிற்கின்றன. வேலியைத் தாண்டவேண்டிய அவசியம் நமக்கு இருக்கவில்லை. காங்கயம் பக்கத்துக் கொறங்காடுகளைச் சுற்றிக் கிளுவை வேலி அடர்ந்து நிற்கும். அதில் ஒரு கடவு விட்டு, படல் வைத்துச் சாத்தியிருப்பார்கள். மனிதனும் மாடும் அதன் வழியே போய்வருவது மரியாதை. வேலி தாண்டுவது வெள்ளாட்டின் குணம்!

இங்கிலாந்தில் நடந்தது வேறு. பதினெட்டாம் நூற்றாண்டில் பார்லிமெண்டு சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டுப் பொது நிலங்களை அடைக்க அனுமதி தந்தது. நரி வேட்டைக்குப் போன கனவான்களின் எதிரில் திடீரென்று புதர் வேலிகள் முளைத்தன. நரி கடவைத் தேடிக்கொண்டு நிற்குமா? துரத்துகிறவர்களும் தாண்ட வேண்டியதாயிற்று. வேட்டையில் பிறந்த வித்தை பிறகு வேடிக்கையாயிற்று. 1868-இல் அயர்லாந்தின் டப்ளின் கண்காட்சியில் குதிரைகளின் தாண்டும் போட்டி நடந்தது. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் அது இடம்பெற்றது.

அந்தக் காலத்தில் தாண்டிய விதத்தைக் கேட்டால் இன்றைக்குச் சிரிப்பு வரும்; குதிரைக்கோ அது சிரிக்கும் சமாசாரமாக இருக்கவில்லை. தடை நெருங்கியதும் சவாரிக்காரர் கால்களை முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, கடிவாள வாரை இழுத்துப் பிடிப்பார். அதற்கு ஒரு தர்க்கமும் இருந்தது. குதிரை முன்னங்கால்களில் இறங்கினால் அவை முறிந்துபோகும்; தலையைத் தூக்கிப் பிடித்தால் பின்னங்கால்களில் இறங்கும் என்று நம்பினார்கள். நடந்தது என்ன? தாண்டும் நேரத்தில் குதிரையின் வாயில் இரும்பு அழுந்தியது. முதுகில் ஓர் ஆளின் பாரம் தொப்பென்று விழுந்தது. நாலைந்து முறை இப்படி ஆனதும் குதிரை வேலிக்கு முன்னால் நின்றுவிட்டது. நின்றதற்குச் சவுக்கடி கிடைத்தது. 'முரட்டுக் குதிரை' என்ற பட்டமும் கிடைத்தது.

இந்த நிலையில்தான் ஃபெடெரிகோ காப்ரில்லி வந்தார். இத்தாலியக் குதிரைப் படையில் காப்டன். பினெரோலோ என்ற ஊரிலிருந்த குதிரையேற்றப் பள்ளியில் ஆசிரியர். 1878-இலேயே அமெரிக்காவில் மைபிரிட்ஜ் என்பவர் ஓடும் குதிரையைத் தொடர் படங்களாக எடுத்து, அதன் கால்களைப் பற்றி ஓவியர்கள் கொண்டிருந்த எண்ணமெல்லாம் பிசகு என்று காட்டியிருந்தார். காப்ரில்லியும் கண்ணை நம்பினார். ஆள் ஏறாத குதிரைகளைத் தடைகளின் மேல் தாண்டவிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் கழுத்தை முன்னே நீட்டியது, முதுகை வளைத்தது, முன்னங்கால்களில்தான் இறங்கியது. கால் ஒன்றும் முறியவில்லை!

அவர் கண்ட முடிவு மிக எளியது. குதிரைக்குத் தாண்டத் தெரியும். தெரியாதவன் மேலே இருப்பவன். ஆகவே அங்கவடியைக் குட்டையாக்கச் சொன்னார். சேணத்திலிருந்து சற்று எழுந்து உடம்பை முன்னே கொண்டுபோகச் சொன்னார். குதிரையின் வாய் போகும் வழியே கையும் போகவேண்டும் என்றார். பரம்பரையாகக் கற்ற வித்தையைத் தலைகீழாகத் திருப்பினால் பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? முகம் சுளித்தார்கள். 1902-இல் டியூரின் நகரில் அவர் குதிரைமேல் 2.08 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். ஏறக்குறைய ஆறடி பத்து அங்குலம்! அப்புறம் வாதம் குறைந்தது. அந்நிய நாட்டு அதிகாரிகள் இத்தாலிக்கு வந்து படித்துப் போனார்கள். 1907 டிசம்பரில் அதே டியூரினில் குதிரையிலிருந்து விழுந்து காப்ரில்லி இறந்தார். வயது நாற்பதை ஒட்டித்தான் இருக்கும்.

அவர் போட்ட விதையிலிருந்துதான் இன்றைய பயிற்சி முழுவதும் வளர்ந்திருக்கிறது. அதன் சாரம், தாண்டுவதைவிடத் தடையை நெருங்கும் விதமே முக்கியம் என்பது. பாய்ந்தோடும் குதிரையின் ஓர் எட்டு சுமார் 12 அடி. மூன்றடிச் சொச்ச உயரமுள்ள தடை என்றால் ஆறடிக்கு முன்னால் அது கிளம்பவேண்டும். கடைசி எட்டு சரியான இடத்தில் விழவேண்டுமானால் அதற்கு முந்தியவை சீராக இருக்கவேண்டும். திருப்பத்திலிருந்து தடையின் நடு மையத்துக்கு நேர்கோடு. ஒரே தாளத்தில் வேகம். இவ்வளவுதான் சவாரிக்காரன் பொறுப்பு. இதைப் பழக்க முதலில் வேலியே வைப்பதில்லை. தரையில் கழிகளை அளந்து கிடத்தி, மெல்லோட்டத்தில் அவற்றின்மேல் போகச் செய்கிறார்கள். காலை எங்கே வைப்பது என்பதைக் குதிரை தானே கணக்குப் போட்டுக் கற்றுக்கொள்கிறது.

இன்னொரு விஷயம். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருக்கின்றன. ஏறக்குறையச் சுற்றிலும் பார்க்கும், ஆனால் நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம் இடம் அதற்குத் தெரியாது. ஆகவே தடையருகே வந்த கடைசி க்ஷணத்தில் அது ஏறக்குறையக் குருட்டு நம்பிக்கையில்தான் எழும்புகிறது. முன்பே பார்த்து மனத்தில் வைத்ததுதான் துணை. அந்த நேரம் பார்த்து மேலே இருப்பவனுக்குச் சந்தேகம் வந்து வாரை இழுத்தால் என்ன ஆகும்? குதிரை பார்த்து வைத்திருந்த தடை போய்விடும். வலி மட்டும் நிற்கும்.

நம் வீடுகளில் இதை நான் பார்த்திருக்கிறேன். பையன் பரீட்சைக்குப் புறப்படும்போது தெருமுனை வரை கூடவே போய், "பயப்படாதே, பயப்படாதே" என்று பத்துத் தரம் சொல்லும் தகப்பனார் எத்தனை பேர்! வருஷம் முழுவதும் தாளம் தவறாமல் படிக்க வைத்தால் போதும். கடைசி நிமிஷத்தில் இழுக்கும் கயிறு பையன் வாயில்தான் அறுக்கிறது. அவன் தவறினால் 'மக்குப் பையன்' என்கிறோம்.

போட்டி விதிகளில் குதிரை தடைக்கு முன் நின்றால் அதற்கு 'மறுப்பு' என்று பெயர். நாலு குற்றப் புள்ளிகள் விழும். பெயரிலும் குதிரைதான் குற்றவாளி. ஆனால் அந்தப் புள்ளிகள் குதிரைக்கும் ஆளுக்கும் சேர்த்துத்தான். அந்த மட்டில் நியாயம்.

இந்தியாவிலும் இந்த வித்தை ராணுவத்தில்தான் முதலில் வேர்விட்டது. 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 61-ஆம் குதிரைப் படையைச் சேர்ந்த ரகுபீர் சிங், பழக்கச் சவாரி, காட்டு வெளி ஓட்டம், தடை தாண்டல் மூன்றும் சேர்ந்த போட்டியில் தங்கம் வென்றார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா அதே மூன்று பகுதிப் போட்டியில் கடைசித் தாண்டல் சுற்று வரை சென்று 23-ஆவது இடம் பெற்றார்.

கோவையைச் சுற்றியும் இப்போது குதிரையேற்றப் பள்ளிகள் இருக்கின்றன. வசதியுள்ள வீட்டுக் குழந்தைகள் தொப்பியும் பூட்ஸுமாகப் போய்க் கற்கிறார்கள். பெற்றோர்கள் எதைப் பார்த்துப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால் நான் ஒன்றுதான் சொல்வேன். குதிரை நின்றுவிட்டபோது ஆசிரியர் முதலில் யாருடைய கையைப் பார்க்கிறார் என்று கவனியுங்கள். குழந்தையின் கையைப் பார்த்தால் அங்கேயே சேர்த்துவிடுங்கள்.