ஆஸ்திரேலியாவில் அணு உலைப் பாதுகாப்புக் கண்காணிப்பு

ஆஸ்திரேலியாவில் மின்சாரம் தயாரிக்கும் அணு உலை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் அணு உலைக்கு உரிமம் வழங்கவும், சோதனையிடவும், கோளாறு கண்டால் நிறுத்தி வைக்கவும் அதிகாரம் பெற்ற அமைப்பு ஒன்று 1999 முதல் அங்கே இயங்கிவருகிறது. ஆர்பான்சா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஆஸ்திரேலியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு, அணுப் பாதுகாப்பு முகமைதான் அது. மெல்பர்னின் யாலம்பியிலும் சிட்னியிலும் அதற்கு அலுவலகங்கள் உண்டு. சோதனையிட வருகிறவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்ற கேள்விதான் இத்துறையின் வரலாற்றை நெடுக நகர்த்தி வந்திருக்கிறது.

இதன் வேர் மருத்துவத்தில் இருக்கிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வாங்கிய ரேடியத்தைப் பாதுகாத்து, அளந்து கொடுப்பதற்காக 1929-ல் மெல்பர்னில் அரசு ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கியது. பின்னாளில் ஆஸ்திரேலியக் கதிர்வீச்சு ஆய்வுக்கூடம் என்று பெயர் மாறி யாலம்பிக்குப் போனது அதுவே.

அணு உலை வந்த கதை வேறு. 1953-ல் அணுசக்திச் சட்டம் இயற்றப்பட்டு, அணுசக்தி ஆணையம் உருவானது. சிட்னியின் தெற்கே லூகாஸ் ஹைட்ஸில் ஆணையம் கட்டிய ஹைஃபார் என்ற ஆய்வு உலை 1958 ஜனவரி 26 இரவில் முதன்முறையாக இயங்கியது. பிரிட்டனின் ஹார்வெல் நிலையத்து உலையை மாதிரியாகக் கொண்டு கட்டிய, 10 மெகாவாட் வெப்பத் திறனுள்ள கனநீர் உலை அது. உலையைக் கட்டியதும் ஓட்டியதும் ஆணையம். அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பும் ஆணையமே. பரீட்சை எழுதியவரே விடைத்தாளையும் திருத்தும் ஏற்பாடு இது. அமெரிக்காவிலும் 1974 வரை இதுதான் நிலை. அந்த ஆண்டுதான் அங்கே அணுசக்தி ஆணையத்தைக் கலைத்து, கண்காணிப்பைத் தனி அமைப்பிடம் ஒப்படைத்தார்கள்.

மின் உலைக் கனவு ஆஸ்திரேலியாவுக்கும் இருந்தது. 1969-ல் பிரதமர் ஜான் கார்ட்டனின் அரசு, ஜெர்விஸ் விரிகுடாவில் 500 மெகாவாட் அணுமின் நிலையம் கட்ட முனைந்தது. ஒப்பந்தப்புள்ளிகளும் வந்து சேர்ந்தன. அடுத்து வந்த மக்மேகன் அரசு 1971-ல் அதைத் தள்ளிவைத்தது. பிறகு அது எழவே இல்லை. நிலையத்துக்காகச் சமன்படுத்திய இடத்தில் இன்று மர்ரேஸ் கடற்கரைக்கு வருகிறவர்கள் கார் நிறுத்துகிறார்கள். 1960களின் பிற்பகுதியில் விக்டோரியாவின் மின்சார ஆணையமும், மெல்பர்னுக்குத் தென்கிழக்கே வெஸ்டர்ன் போர்ட் விரிகுடாவிலுள்ள பிரெஞ்சுத் தீவில், அணுமின் நிலையத்தை மனத்தில் வைத்து நிலம் வாங்கியது. 1983-ல் விக்டோரியாவும் 1986-ல் நியூ சவுத் வேல்ஸும் அணுமின் நிலையங்களைத் தடைசெய்து சட்டம் போட்டன.

கண்காணிப்பு மெல்ல மெல்லத்தான் தனியே பிரிந்தது. 1987-ல் பழைய ஆணையம் போய், ஆன்ஸ்டோ எனப்படும் அணு அறிவியல் நிறுவனம் வந்தது. அதனுள்ளேயே பிறந்த அணுப் பாதுகாப்புப் பணியகம், 1992-ல் சட்டத் திருத்தத்தால் தனித்து நின்றது. இந்தப் பணியகத்தையும் யாலம்பி ஆய்வுக்கூடத்தையும் இணைத்து, 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஆர்பான்சாவை உருவாக்கியது. உரிமம் தருவதா மறுப்பதா என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை இச்சட்டம் முகமையின் தலைமை அதிகாரி ஒருவரிடமே கொடுத்தது. ஆன்ஸ்டோ அறிவியல் துறை அமைச்சரின் கீழ் இருக்க, ஆர்பான்சா சுகாதாரத் துறைக்குள் வந்தது. சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் வெவ்வேறு அமைச்சர்களின் கீழ் இருப்பதுதான் இச்சட்டத்தின் பெரிய நன்மை என்று சொல்ல வேண்டும். அணுமின் நிலையம், செறிவூட்டும் ஆலை, எரிபொருள் ஆலை, மறுசுழற்சி ஆலை ஆகியவற்றுக்கு உரிமம் வழங்கக் கூடாது என்ற தடையும் இதிலேயே இடம்பெற்றது.

புதிய அமைப்புக்கு முதல் பெரிய சோதனை, ஹைஃபாருக்குப் பதிலாக எழுந்த ஓபல் உலை. அர்ஜென்டினாவின் இன்வாப் நிறுவனம் கட்டிய 20 மெகாவாட் உலை அது. முகமையின் முதல் தலைமை அதிகாரி ஜான் லாய், 2002 ஏப்ரலில் கட்டுமான உரிமம் தந்தார். சில வாரங்களில், அடித்தளம் தோண்டியபோது பாறையில் பிளவுக்கோடு ஒன்று தென்பட்டது. நிலநடுக்க ஆபத்து உண்டா என்று நிலவியல் வல்லுநர்கள் ஆராய்ந்து, அந்தப் பிளவு உயிர்ப்பற்றது என்று உறுதி செய்த பிறகே வேலை தொடர்ந்தது.

2007 ஏப்ரலில் பிரதமர் ஜான் ஹோவர்ட் ஓபலைத் திறந்துவைத்தார். மூன்றே மாதத்தில் உலையை நிறுத்த வேண்டியதாயிற்று. எரிபொருள் கட்டுகளில் சில தகடுகள் தம் இடத்திலிருந்து நழுவியிருந்தன. ஒவ்வொரு கட்டிலும் மெல்லிய தகடுகள் வரிசையாக நிற்கும். இடையிலுள்ள குறுகிய இடைவெளிகளில் நீர் பாய்ந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும். தகடு நகர்ந்தால் குளிர்விக்கும் ஓட்டமும் மாறும். கட்டின் வடிவமைப்பைத் திருத்தி, தகடு நழுவாது என்று காட்டும்வரை ஆர்பான்சா அனுமதி தரவில்லை. உலை மீண்டும் இயங்கியது 2008 மே மாதத்தில். பல கோடி டாலர் செலவில், பிரதமரே வந்து திறந்துவைத்த உலை சுமார் பத்து மாதம் சும்மா நின்றது. அதை நிறுத்தி வைக்கும் தெம்பு ஒரு சிறிய முகமைக்கு இருந்தது. இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க பக்கம் இதுவே.

ஆனால் பெரிய காயம் உலையில் நேரவில்லை, அதன் பக்கத்துக் கட்டடத்தில் நேர்ந்தது. இதய, எலும்பு ஸ்கேனுக்கு வேண்டிய டெக்னீசியம், மாலிப்டினம்-99 என்ற ஐசோடோப்பிலிருந்து கிடைக்கிறது. லூகாஸ் ஹைட்ஸின் 23-ஆம் எண் கட்டடத்தில் 2017 ஆகஸ்டில், தரச் சோதனை செய்த ஊழியர் ஒருவரின் கையிலிருந்து மாலிப்டினக் குப்பி நழுவி விழுந்தது. கையுறை அணிந்திருந்தும் இரு கைகளிலும் கதிர்வீச்சுக் கசடு ஒட்டியது, தோல் கொப்பளித்தது. கைகளுக்கான ஆண்டு வரம்பு 500 மில்லிசீவர்ட். அவர் பெற்றது அதற்கு மேல். பன்னாட்டு அளவுகோலில் இது 3-ஆம் நிலை, அதாவது தீவிர நிகழ்வு. 2018-ல் ஆர்பான்சா உத்தரவிட்டு நடந்த தனி வல்லுநர் ஆய்வு, அந்தப் பழைய கட்டடம் இன்றைய பாதுகாப்புத் தரத்துக்கு எட்டவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. ஒருவர் ஸ்கேனுக்குப் போய்ப் படுக்கும்போது, அவர் உடலில் ஏறும் மருந்துக்குப் பின்னால் இப்படி ஒருவரின் கைகளும் இருக்கின்றன.

இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. ஆர்பான்சாவின் அதிகாரம் மத்திய அரசு நிறுவனங்களோடு நின்றுவிடுகிறது. மருத்துவமனை, சுரங்கம், தொழிற்சாலை எல்லாம் மாநிலங்களின் பொறுப்பு. விக்டோரியாவில் 2005-ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுச் சட்டத்தின்படி சுகாதாரத் துறை பார்க்கிறது. 2023 ஜனவரியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு சுரங்கத்தின் அளவுக்கருவியிலிருந்த, 8 மில்லிமீட்டர் நீளமே உள்ள சீசியம்-137 குப்பி லாரியிலிருந்து விழுந்து காணாமல் போனது. சுமார் 1,400 கிலோமீட்டர் சாலையில் தேடி, பிப்ரவரி 1 அன்று சாலையோரம் கண்டெடுத்தார்கள். அம்மாநிலத்தின் 1975-ஆம் ஆண்டுச் சட்டம் அன்று விதித்த உச்ச அபராதம் 1,000 டாலர். உயிரைப் பறிக்கக்கூடிய பொருளுக்கு இது வெட்கப்பட வேண்டிய தொகை.

ஒப்பிட்டுப் பார்க்கத் தமிழகமே இருக்கிறது. கல்பாக்கத்தின் முதல் மின் உலை மின்சாரம் தரத் தொடங்கிய 1983-ஆம் ஆண்டின் நவம்பரில்தான் இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைந்தது. நாடாளுமன்றச் சட்டத்தால் அல்லாமல் அரசு ஆணையால் பிறந்த அந்த வாரியம், தான் சோதிக்கும் துறையின் செயலாளரே தலைவராக இருந்த அணுசக்தி ஆணையத்துக்குக் கீழே வைக்கப்பட்டது. இதையே 2012-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை குறையாகச் சுட்டியது. வாரியத்தின் முன்னாள் தலைவர் ஏ. கோபாலகிருஷ்ணன் இதைப் பல்லாண்டுகளாகச் சொல்லி வந்தவர்.

2024 ஜூனில் ஆஸ்திரேலிய எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் ஏழு இடங்களில் அணுமின் நிலையம் கட்டுவதாக அறிவித்தார். விக்டோரியாவுக்கான இடம் லாட்ரோப் பள்ளத்தாக்கின் லாய் யாங். 2025 மே தேர்தலில் டட்டனின் கூட்டணி தோற்றது. அவர் தம் தொகுதியையும் இழந்தார். தடைச் சட்டங்கள் அப்படியே நீடித்தன.

அதே சமயத்தில் உலைகள் வேறு வழியாக வருகின்றன. அமெரிக்கா, பிரிட்டனுடனான ஆக்கஸ் உடன்பாட்டின்படி வாங்கவிருக்கும் அணுசக்தி நீர்மூழ்கிகளுக்காக, கடற்படை அணுசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2024-ல் நிறைவேறியது. அது உருவாக்கிய தனிக் கண்காணிப்பு அமைப்பு ஆர்பான்சாவைப் போலச் சுகாதாரத் துறையில் இல்லை. நீர்மூழ்கிகளை ஓட்டப்போகும் கடற்படையும் அவற்றைச் சோதிக்கப்போகும் அமைப்பும் பாதுகாப்புத் துறை அமைச்சர் ஒருவரின் கீழேயே வைக்கப்பட்டுள்ளன.