வயர் இருந்தாத்தான் வயர்லெஸ் கேட்கும்

"ப்ரோ, போனுக்கு வயர் இயர்போனா, ப்ளூடூத்தா, எதை வாங்கலாம்?"னு ஒரு கேள்வி ரொம்ப நாளா வந்துட்டே இருக்கு. சவுண்ட், பேட்டரி, விலைன்னு ஒப்பிட்டுப் பார்க்க யூடியூப்ல வீடியோ கொட்டிக் கிடக்கு, அதை நான் திரும்பச் செய்யல. இன்னைக்கு நாம பார்க்கப்போறது 'வயர்லெஸ்'ங்கிற வார்த்தையோட கதை. நூறு வருஷத்துக்கு முன்னாடி மெட்ராஸ்ல ஒருத்தர் "எங்க வீட்டுல வயர்லெஸ் இருக்கு"ன்னு சொன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்: ரேடியோ. ஆனா அந்தக் கம்பியில்லாத சமாச்சாரத்தைக் கேட்கணும்னா, காதுல கம்பியை மாட்டியே ஆகணும்.

1924-ல சி. வி. கிருஷ்ணசாமி செட்டியும் அவரோட நண்பர்களும் சேர்ந்து மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பை ஆரம்பிச்சாங்க. அந்த வருஷம் ஜூலை 31-ம் தேதி ஒலிபரப்பு தொடங்கிச்சு. ஆல் இந்தியா ரேடியோங்கிற பேரு வர்றதுக்கு இன்னும் 12 வருஷம் இருக்கு, அதுக்கு முன்னாடியே இது. டிரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட்ஸ். உங்க வீட்டு சீலிங் ஃபேன் இதைவிட அதிகமா கரண்ட் இழுக்கும்!

அந்தக் காலத்துல மலிவா ரேடியோ கேட்க இருந்த வழி கிரிஸ்டல் செட். ஒரு நீளமான ஆன்டெனா கம்பி, ஒரு காயில், கலீனாங்கிற ஈயத்தாது ஒரு துண்டு, அப்புறம் ஒரு ஹெட்போன். அவ்வளவுதான், பேட்டரியே கிடையாது. காத்துல வர்ற ரேடியோ அலையோட சக்தியை வச்சே ஹெட்போனுக்குள்ள இருக்கிற தகடு அதிரும். இந்த கலீனா டிடெக்டருக்கு 1904-ல அமெரிக்கப் பேட்டன்ட் வாங்கினது யாருன்னா, நம்ம கல்கத்தா ஜகதீஷ் சந்திர போஸ். ஒரு இன்ஜினியரா எனக்கு இது இன்னமும் ஆச்சரியமா இருக்கு. சார்ஜரே தேவைப்படாத ஒரு ஆடியோ கருவி!

அதுல ஒரு சிக்கலும் இருந்துச்சு. அவ்வளவு சின்ன சக்தி ஒருத்தர் காதுக்குத்தான் காணும். வீட்டுல நாலு பேர் கேட்கணும்னா ஹெட்போனைக் கழட்டி ஒரு கிண்ணத்துக்குள்ள போட்டுட்டு எல்லாரும் சுத்தி உக்காருவாங்க. இன்னைக்கும் நாம போனை எவர்சில்வர் டம்ளருக்குள்ள போட்டுப் பாட்டுக் கேட்கிறோமே, அதே டெக்னிக்.

கையில காசு இல்லாம 1927-ல கிளப் நின்னுபோச்சு. டிரான்ஸ்மிட்டர் மெட்ராஸ் கார்ப்பரேஷன் கைக்குப் போச்சு. 1930 ஏப்ரல் 1-ல இருந்து கார்ப்பரேஷனே ஒலிபரப்பை நடத்தினாங்க. மெரினாவுல, பூங்காக்கள்ல, பள்ளிக்கூடங்கள்ல ஒலிபெருக்கி வச்சு ஊருக்கே கேட்க வச்சாங்க. ஒரு மாநகராட்சி சொந்தமா ரேடியோ நடத்தி, சாயங்காலம் பீச்சுல நடக்கிறவங்களுக்கு சங்கீதம் போட்டிருக்கு. இதை ஒருத்தர் சினிமாவா எடுக்கலாம். 1938 ஜூன் 16-ல ஆல் இந்தியா ரேடியோ மெட்ராஸ் நிலையம் வந்ததும் இந்த அத்தியாயம் முடிஞ்சுது.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்துச்சு, ரேடியோ சின்னதாச்சு, விலையும் குறைஞ்சுது. எங்க ஊர் மாதிரி இடங்களுக்கு ரேடியோ நிஜமா வந்து சேர்ந்தது அப்பதான். எங்க ஊர் தேவிகாபுரம், ஆரணிப் பக்கம். பெரியநாயகி அம்மன் கோயில் தெரியலைன்னாலும் ஆரணிப் பட்டு தெரிஞ்சிருக்கும். தறிக்குழியில காலை இறக்கி உக்காந்துட்டா ரெண்டு கையும் ரெண்டு காலும் கண்ணும் வேலையில மாட்டிக்கும். கால் மிதிகட்டையில, கை நாடாவுல, கண்ணு பாவுல. மிச்சம் இருக்கிறது காது மட்டும்தான். அதனால நெசவுத் தெருவுக்கு ரேடியோ அவ்வளவு பொருந்திப் போச்சு. காலையில செய்தி, அப்புறம் சினிமாப் பாட்டு, சிலோன் ரேடியோ பிடிச்ச காலத்துல சிலோன். ஒரு வீட்டுல வச்சா நாலு தறிக்குக் கேட்கும்.

நம்ம 3.5 மில்லிமீட்டர் ஜாக் பிரபலமானதும் இந்த டிரான்சிஸ்டர் ரேடியோக்களோடதான். அதோட அண்ணன் கால் இஞ்ச் ஜாக். 1870-கள் கடைசியில டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆபரேட்டர்கள் கையால செருகி எடுத்த பிளக்கோட வாரிசு அது. 1979-ல சோனி வாக்மேன் வந்ததும் ஹெட்போன் தெருவுக்கே வந்துச்சு. முதல் மாடல்ல ரெண்டு பேர் சேர்ந்து கேட்க ரெண்டு ஜாக் இருந்துச்சு. அந்தக் கதையைத் தனியா ஒருநாள் பேசணும்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். இந்தியாவுல எஃப்எம் ஒலிபரப்பு முதல்ல ஆரம்பிச்சதும் மெட்ராஸ்லதான், 1977 ஜூலை 23. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு அந்த எஃப்எம் நம்ம பாக்கெட்டுக்குள்ள வந்துச்சு, செல்போன் வழியா. அந்தப் போன்ல எஃப்எம் ஆப்பைத் திறந்தா என்ன மெசேஜ் வரும்? "இயர்போனைச் செருகவும்." ஸ்பீக்கர்ல கேட்கிறதுக்குக்கூட இயர்போன் மாட்டணும். சின்ன வயசுல இது ஏதோ கம்பெனிக்காரன் செஞ்ச வம்புன்னு நினைச்சிருப்போம்.

காரணம் கணக்குதான். எஃப்எம் சிக்னல் 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வரும். அதோட அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். அதை நல்லாப் பிடிக்க அதுல கால்வாசி, அதாவது முக்கால் மீட்டருக்காவது ஒரு கம்பி வேணும். போனுக்குள்ள அதுக்கு ஏது இடம்? ஆனா இயர்போன் வயர் ஒரு மீட்டருக்கு மேலயே இருக்கு. அதையே ஆன்டெனாவா எடுத்துக்கிட்டாங்க. நீங்க காதுல மாட்டினது ஒரே நேரத்துல ஸ்பீக்கரும் ஆன்டெனாவும். (சில பட்டன் போன்ல உள்ளுக்குள்ளயே ஆன்டெனா வச்சு 'வயர்லெஸ் எஃப்எம்'னு விக்கிறாங்க. கேட்கும், ஆனா டவரை விட்டுத் தள்ளிப் போனா கரகரப்பு வரும்.)

ப்ளூடூத் வேற குடும்பம். 1994-ல ஸ்வீடன்ல எரிக்சன் கம்பெனியில, போனுக்கும் பக்கத்துக் கருவிக்கும் நடுவுல இருக்கிற கேபிளை ஒழிக்கணும்னு ஆரம்பிச்ச வேலை. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஓடுது. அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான், அதனால அதோட ஆன்டெனா ஒரு நகத்துக்குள்ள அடங்கிடும். ஹெடி லமார் கதையை எல்லா பாட்காஸ்ட்டும் சொல்லிட்டாங்க, நான் விட்டுடறேன். ஸ்டீரியோ இசைக்கான ஸ்டாண்டர்டு 2003 வாக்குல வந்துச்சு. 2016 செப்டம்பர்ல ஐபோன் 7 ஜாக் இல்லாம வந்தப்ப, ஆப்பிளோட ஃபில் ஷில்லர் மேடையில ஏறி அதுக்குக் காரணம் "தைரியம்"னு சொன்னாரு. போனுக்குள்ள இடம் கிடைச்சது நிஜம்தான். அதே வருஷம் ஏர்பாட்ஸும் கடைக்கு வந்துச்சு, அதுவும் நிஜம்தான். அடுத்த வருஷம் இங்க 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த ஜியோபோன்ல ஜாக்கும் இருந்துச்சு, எஃப்எம்மும் இருந்துச்சு.

2017 செப்டம்பர்ல மரியா புயல் பியூர்ட்டோ ரிக்கோவை அடிச்சப்ப, அங்க 95 சதவீத செல் டவர்கள் செத்துப்போச்சு. ஐபோன்ல தூங்கிட்டு இருக்கிற எஃப்எம் சிப்பை எழுப்புங்கன்னு அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையத் தலைவர் அஜித் பை ஆப்பிள்கிட்ட கேட்டாரு. ஆப்பிள் பதில்: ஐபோன் 7, 8-ல எஃப்எம் சிப்பே இல்லை, அதுக்கான ஆன்டெனாவும் இல்லை.

அடுத்த வருஷம் நவம்பர்ல நமக்கு கஜா. வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு, லட்சத்துக்கு மேல மின்கம்பங்கள் சாஞ்சுது, பல கிராமங்கள்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. டவருக்குக் கரண்ட் இல்லைன்னா டேட்டா இல்லை. டேட்டா இல்லைன்னா ஸ்பாட்டிஃபை, யூடியூப், இந்த பாட்காஸ்ட் எதுவும் இல்லை. ரேடியோவுக்கோ எங்கேயோ தூரத்துல ஒரே ஒரு டிரான்ஸ்மிட்டர் ஜெனரேட்டர்ல ஓடினாப் போதும். 2023-ல மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், போன்ல இருக்கிற எஃப்எம்மை அணைச்சு வைக்காதீங்க, இல்லாத போன்ல சேருங்கன்னு கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பிச்சு. சொன்ன காரணங்கள்ல ஒண்ணு பேரிடர். அது அறிவுரைதான், சட்டமில்லை.

வயருக்கு நான் கோயில் கட்டல. தறியில உக்கார்றவங்களுக்கு வயர் நிஜமாவே தொல்லை. நாடா போற ஒவ்வொரு வாட்டியும் கை வயர்ல இடிக்கும், இல்லைன்னா பாவு மேல தொங்கும். சட்டைக்குள்ள விட்டு முதுகுப்பக்கமா எடுத்துப் பார்ப்பாங்க. இப்ப எங்க தெருவுல நெக்பேண்டு போட்டுட்டு நெய்யறவங்களைப் பார்க்கலாம். அவங்க கேட்கிறது யூடியூப்தான், ஸ்டேஷன் இல்லை. முன்னாடி ஒரே பாட்டு தெரு முழுக்கக் கேட்கும், இப்ப ஒவ்வொரு தறிக்கும் ஒரு பாட்டு. ஆபீஸ்ல கோடு அடிக்கும்போது நானும் ப்ளூடூத்தான் போடுறேன்.

அதனால கேட்டவங்களுக்கு என்னோட பதில்: தினசரிக்கு எது வசதியோ அதை வாங்குங்க. போன்ல ஜாக்கும் எஃப்எம் ஆப்பும் இருக்கான்னு மட்டும் இன்னைக்கு ஒருவாட்டி பாருங்க. இருந்தா, நூறு நூத்தம்பது ரூபாய்க்கு ஒரு வயர் இயர்போன் வாங்கி மேஜை டிராயர்ல போட்டு வைங்க. ஃப்ளைட் மோடுல போட்டு ஒரு ஸ்டேஷன் பிடிங்க. பாட்டு ஓடும்போதே வயரை மெதுவா உருவிப் பாருங்க.