தயிர்க் குடமும் இரத்தக் குப்பியும்: மதுவருந்தி வாகனம் ஓட்டிய வழக்குகளில் இரசாயன அறிக்கையின் பிரமாண பலம்

1967-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் காணப்படும் டெல்லி மாநகராட்சி – கீசாராம் வழக்கு, மேலுக்குப் பார்த்தால் ஒரு தயிர் வியாபாரியின் அற்ப விவகாரமே. உணவு ஆய்வாளர் எடுத்துச் சென்ற பசுந்தயிரில் கலப்படம் உண்டென்று அரசுப் பகுப்பாய்வாளர் அறிக்கை கொடுத்தார். குற்றஞ்சாட்டப்பட்டவரோ, உணவுக் கலப்படத் தடைச் சட்டம் தமக்களித்த உரிமைப்படி, தம்மிடம் விடப்பட்டிருந்த பங்கை மத்திய உணவு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புமாறு வேண்டினார். அனுப்பிப் பார்த்தபோது, வழக்குத் தொடுப்பதில் நேர்ந்த காலதாமதத்தால், அந்தத் தயிர் எவ்வித ஆய்வுக்கும் உதவாதபடி அழுகிப்போயிருந்தது. முதல் அறிக்கையைப் பொய்யென்று யாரும் நிரூபித்துவிடவில்லை. எனினும், இரண்டாம் முறை சோதித்துப் பார்க்கும் உரிமை அரசுத் தரப்பின் தாமதத்தால் பறிபோன பிறகு அந்த அறிக்கையைக் கொண்டு ஒருவரைத் தண்டிப்பது தகாது என்று உச்ச நீதிமன்றம் கூறி, விடுதலையை உறுதி செய்தது.

தயிர் விற்றவருக்குச் சட்டம் அளித்த இந்தப் பாதுகாப்பில் ஒரு துளியையேனும், மது அருந்தி வாகனம் ஓட்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவருடைய இரத்தத்துக்கு நம் மோட்டார் வாகனச் சட்டம் அளிக்கவில்லை என்பதும், ஆகவே இவ்வழக்குகளில் எதிரித் தரப்பு வழக்கறிஞர் இரசாயன அறிக்கையின் ஒவ்வொரு கணுவையும் தட்டிப் பார்ப்பது சட்டத்தின் சந்துபொந்துகளில் நுழைந்து தப்பிக்கும் தந்திரமாகாது, சட்டம் செய்யாமல் விட்ட காரியத்தைக் குறுக்கு விசாரணையால் ஈடுசெய்யும் முயற்சியே என்பதும் இக்கட்டுரையின் வாதம். குடித்துவிட்டுச் சாலையில் வண்டியைச் செலுத்துகிறவரிடம் எனக்கு அனுதாபம் ஏதுமில்லை. ஆனால் அவர் குடித்திருந்தாரா, எவ்வளவு குடித்திருந்தார் என்பதுதானே விசாரணைக்குரிய பொருள்?

1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு, வாகனத்தை ஓட்டும்போதோ ஓட்ட முயலும்போதோ 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருப்பதைக் குற்றமாக்குகிறது. நெடுங்காலம் அந்த வாசகம் மூச்சுப் பரிசோதனைக் கருவி ஒன்றையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு வந்ததால், இரத்தப் பரிசோதனை முடிவு அப்பிரிவின் கீழ் வருமா என்று வாதிடவே இடமிருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஆய்வுக்கூடச் சோதனையையும் சேர்த்து அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. எனினும் 204-ஆம் பிரிவின் நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன: மூச்சுக் கருவி ஆல்கஹாலைக் காட்டியிருக்க வேண்டும், அல்லது அந்தச் சோதனைக்கு அவர் உட்பட மறுத்திருக்க வேண்டும், அல்லது தவறியிருக்க வேண்டும், இரத்தத்தைப் பதிவுபெற்ற மருத்துவரிடம் கொடுத்திருக்க வேண்டும், அது சோதிக்கப்பட்ட கூடமோ, மத்திய அல்லது மாநில அரசு நிறுவியதாக, நடத்துவதாக, அன்றி அங்கீகரித்ததாக இருத்தல் வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனைதான் நடைமுறையில் அடிக்கடி கவனிப்பாரற்றுப் போகிறது. விபத்தில் அடிபட்டவரை ஆம்புலன்ஸ் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கிறது. அங்கே சிகிச்சையின் பொருட்டு எடுத்த இரத்தத்தில் ஆல்கஹாலையும் பார்த்து ஒரு தாளில் எழுதி வைக்கிறார்கள். சில மாதம் கழித்து அந்தத் தாளே குற்றப்பத்திரிகையோடு சேர்ந்து வந்து நிற்கிறது. மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் சோதிப்பது முழு இரத்தத்தை அன்று, அணுக்கள் நீங்கிய சீரத்தை. சீரத்தில் நீரின் பங்கு அதிகம். ஆல்கஹால் நீரோடு செல்வது. ஆகவே ஒரே மனிதரின் ஒரே நேரத்து இரத்தத்தில் சீரத்தின் அளவு முழு இரத்தத்தின் அளவைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு வரை கூடுதலாக நிற்கும். தாளில் 34 என்றிருந்தால், அதை 1.15-ஆல் வகுக்க 29.6 கிடைக்கும், முன்னது குற்றம், பின்னது குற்றமன்று. அன்றியும் அங்கே கையாளப்படும் நொதிச் சோதனையில், படுகாயமுற்றவரின் உடலில் மிகுந்து நிற்கும் லாக்டேட், இல்லாத ஆல்கஹாலை இருப்பதாகக் காட்டிவிடுவதும் உண்டு. எல்லையை 80 மில்லிகிராமில் வைத்திருக்கும் இங்கிலாந்தில் இத்தகைய வேறுபாடுகள் பல வழக்குகளில் ஒரு பொருட்டாகாமல் போகலாம். 30-இல் வைத்திருக்கும் நம் நாட்டில் ஒருவருடைய விதியை நிர்ணயிப்பது அந்த நாலைந்து மில்லிகிராம்தான்.

அரசு மருத்துவமனையில் முறைப்படி எடுத்த இரத்தத்துக்கும் தன் பயணம் உண்டு. சாம்பல் நிற மூடியிட்ட குழாயில் சோடியம் ஃபுளோரைடும் பொட்டாசியம் ஆக்சலேட்டும் இடப்பட்டிருக்கும். பின்னது இரத்தம் உறையாமல் காப்பது, முன்னது கிருமிகளும் நொதிகளும் வேலை செய்யாமல் அடக்குவது. ஆனால் சர்க்கரைச் சோதனைக்கென்று வார்டில் கிடக்கும் சாம்பல் மூடிக் குழாயில் ஃபுளோரைடு மில்லிலிட்டருக்குச் சுமார் இரண்டரை மில்லிகிராம். தடய அறிவியல் வேலைக்கு வேண்டியதோ பத்து. ஃபுளோரைடு போதாத குழாயை, குளிர்ப்பெட்டி இல்லாத காவல் நிலையத்தின் ரைட்டர் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு, படிவம் 95 எழுதி நீதிமன்றம் வழியாக ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்குள் சில நாட்கள் கடந்துவிட்டால், காண்டிடா போன்ற ஈஸ்ட் வகைகள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸை ஆல்கஹாலாக்கக் கூடும். இங்கே வழக்கறிஞருக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும்: மூடி தளர்ந்த குழாயில் ஆல்கஹால் ஆவியாகி அளவு குறையவே செய்யும், ஆகவே முத்திரை சரியில்லை என்று மட்டும் சொல்லி நின்றுவிட்டால், அந்தக் குறை உங்கள் கட்சிக்காரருக்குச் சாதகமாகவே அமைந்தது என்று நிபுணர் புன்னகையோடு பதில் சொல்லிவிடுவார். ஊசி குத்துமுன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்தார்கள் என்ற பிரசித்தமான வாதமும் அப்படித்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் ஒழுங்காகக் குத்தி எடுத்த மாதிரியில் அதன் பாதிப்பு மிகச் சிறிது. அதையே முழு வாதமாகக் கொண்டவர்கள் நல்ல வழக்கையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

இவையெல்லாவற்றையும்விட நுட்பமானது காலம். சட்டம் கேட்பது வண்டியை ஓட்டிய வேளையின் அளவை. குழாய் சொல்வது இரத்தம் எடுத்த வேளையின் அளவை. இரவு ஒன்பது மணிக்கு நிறுத்தப்பட்டவரின் இரத்தம் பத்தரைக்கு எடுக்கப்பட்டு, அறிக்கை 36 என்று சொல்வதாகக் கொள்வோம். அவர் வெகு நேரத்துக்கு முன்பே குடித்து முடித்திருந்தால், மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம் குறைந்துவந்த கணக்கில், ஒன்பது மணிக்கு 58-ஐ ஒட்டி நின்றிருப்பார். எட்டே முக்காலுக்கு வயிறு நிறைய உண்டபடி குடித்துவிட்டுப் புறப்பட்டிருந்தால், ஒன்பதுக்கு முப்பதைத் தொடாமலும் இருந்திருக்கக் கூடும். கடைசியாக எப்போது குடித்தார், எப்போது சாப்பிட்டார் என்று யாரும் குறித்து வைக்காத வழக்கில் பின்னோக்கிக் கணக்கிடுவது, கிணற்றில் இன்றைக்கிருக்கும் நீரைப் பார்த்துப் போன மாதம் மழை பெய்த நாளைச் சொல்வதற்கு ஒப்பானது.

இத்தனை கேள்விகளையும் யாரிடம் கேட்பது என்பதில்தான் விவகாரத்தின் மூலம் அடங்கியிருக்கிறது. சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வுக்கூடம் 1849-இல் ஏற்பட்டது. இராஜதானி முழுமைக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க இரசாயன வல்லுநர்களே இருந்த அக்காலத்தில், அவர்களை ஊர் ஊராக நீதிமன்றக் கூண்டுக்கு இழுப்பது இயலாத காரியமாயிருந்திருக்கும். 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 510-ஆம் பிரிவு, பரிசோதகர் வராமலே அவருடைய அறிக்கை சாட்சியமாகலாம் என்றது. அதுவே 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 293-ஆகவும், இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 329-ஆகவும் தொடர்கிறது. நிபுணரை வரவழைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வரவழைத்தே ஆக வேண்டுமென்ற கடமை இல்லை. தேவை மறைந்த பின்னும் அதற்காகப் பிறந்த சலுகை நிலைத்துவிட்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு நேர்மாறான வழியைக் கொண்டது. நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் மதுபோதையில் வண்டி ஓட்டியதாக விசாரிக்கப்பட்ட புல்கமிங் என்பவரின் வழக்கில், சோதனை செய்து கையொப்பமிட்ட பகுப்பாய்வாளர் சம்பளமில்லா விடுப்பில் வைக்கப்பட்டிருந்தமையால், அந்தச் சோதனையைப் பார்த்திராத வேறொருவரைக் கூண்டில் ஏற்றினார்கள். வாயுப் பகுப்புக் கருவி தந்த எண்ணைப் படித்துச் சொல்ல யாரும் போதும் என்பது அரசின் வாதம். 2011-இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் நீதிமன்றம் அதை மறுத்தது. எதிர்ச் சாட்சியை நேரில் கண்டு விசாரிக்கும் உரிமை, கருவிக்குப் பின்னால் நின்ற மனிதரை விசாரிக்கும் உரிமையே என்பது அதன் கருத்து. அவர் ஏன் விடுப்பில் வைக்கப்பட்டார் என்பதுகூட எதிரித் தரப்பு கேட்கத் தக்க கேள்வியன்றோ?

நம் நீதிமன்றங்கள் இதைக் கவனியாமல் இல்லை. 2015 டிசம்பரில் நடிகர் சல்மான் கானை விடுதலை செய்த பம்பாய் உயர் நீதிமன்றம், இரத்த மாதிரி எடுக்கப்பட்டதிலிருந்து ஆய்வுக்கூடத்தை அடைந்தது வரையிலான குறைகளை எடுத்துக்காட்டி, அவ்வறிக்கையை நம்ப மறுத்தது. பணமும் பிரபலமும் உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் நியாயம் என்று அதை ஏசினவர்கள் பலர். ஏசினதில் அர்த்தம் இல்லாமலில்லை. ஆனால் அதற்குரிய பரிகாரம் அவருக்குக் கிடைத்த குறுக்கு விசாரணையை மறுப்பதில் இல்லை, சரக்கு லாரி ஓட்டுகிறவருக்கும் அது செலவின்றிக் கிடைக்கச் செய்வதில் இருக்கிறது.

அதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் 1988-ஆம் ஆண்டுச் சட்டம், எடுத்த இரத்தத்தை அந்த இடத்திலேயே இரண்டாகப் பிரித்து, கேட்டால் ஒரு பங்கை எதிரியிடமே கொடுத்துவிடச் சொல்கிறது. கேட்டும் கொடுக்காவிட்டால் அந்தச் சோதனை முடிவு அரசுத் தரப்புக்கு உதவாது. நம் 204-ஆம் பிரிவில் அப்படியொரு வாக்கியம் சேரும் வரை, அறிக்கை தாக்கலாகும் அன்றே நிபுணரை வரவழைக்கக் கோரி 329-இன் கீழ் மனுப் போட்டு, அதனுடன் ஆய்வுக்கூடத்தின் மூல வரைபடங்களையும், குழாய் வந்து சேர்ந்த நாளைக் காட்டும் பதிவேட்டின் நகலையும் கேட்டு வைப்பதே வழக்கறிஞர் செய்யத் தக்கது.