கட்டும் வழிதவறலும்: யாழ்ப்பாணச் சைவச் சூழலில் மேய்ப்பன் உருவகம்

யாழ்ப்பாணத்தின் கொக்குவிலில் கிறிஸ்தவர் சிறுபான்மையினர். அயலிலுள்ள வண்ணார்பண்ணையில் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1910இல் கொக்குவில் இந்துக் கல்லூரி எழுந்தது. இத்தகைய ஊரில், கடவுளை மேய்ப்பராகப் பாடும் 23ஆம் சங்கீதத்தைச் சொல்லி வளரும் ஒருவரின் காதில் சைவ சித்தாந்தத்தின் பதி, பசு, பாசம் என்ற முப்பொருளும் கூடவே விழும். இறைவன் பசுபதி, உயிர் பசு, அதைப் பிணிக்கும் கட்டு பாசம். இரு மரபுகளும் உயிரைக் கால்நடையாக உருவகிப்பதால் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்று முடிவுகட்டுவது எளிது. அம்முடிவு கிறிஸ்தவ விசுவாசத்தின் தனித்தன்மையை மறைத்துவிடுகிறது என்பதே என் வாதம்.

இந்த ஒப்பீடு யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947இல் முதல் பேராயரான சபாபதி குலேந்திரன், அருட்கோட்பாட்டை இரு சமயங்களிலும் ஆராய்ந்த ஆங்கில நூலை 1964இல் வெளியிட்டார். அருளிலிருந்து தொடங்கினார் அவர். உயிரின் இடர் எது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் வேறுபாடு இன்னும் துலங்கும் என்பது என் எண்ணம்.

சித்தாந்தத்தில் அந்த இடர் கட்டு. ஆணவம் என்னும் மலம் அநாதியாகவே உயிரைப் பற்றியிருக்கிறது. பதி அருளால் அதை நீக்குகிறான். விவிலியத்தின் ஆட்டுக்கோ கழுத்தில் கயிறு இல்லை. ஏசாயா 53இலும் லூக்கா 15இலும் அது வழிதவறிய ஆடு. ஆகவே அதற்கு வேண்டியது தேடிவந்து கண்டுபிடித்து முன்னே நடக்கும் ஒருவர். ரோமர் 6இல் பவுலும் பாவத்தின் அடிமைத்தனத்தைப் பேசுகிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே விடுதலை பெற்றவர் அந்தக் கணமே கடவுளுக்கு உரியவராகிறார். கட்டறுதல் பின்செல்வதற்கான தொடக்கமே.

பதி உயிரோடு உடனாய் நிற்பதைச் சித்தாந்தமும் வலியுறுத்துகிறது. நேர்மையான ஒப்பீடு இதை மறைக்கக் கூடாது. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் அத்துணையை உணராது என்பதே அது காட்டும் துயரம். சங்கீதத்தின் போக்கு நேரெதிர். புல்வெளியிலும் நீரருகிலும் கடவுளைப் படர்க்கையில் பேசிவந்த பாடகர், மரண இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இறங்கியதும் முன்னிலைக்கு மாறுகிறார். இருளில்தான் அவரை நோக்கிப் பேச வாய் திறக்கிறது. பகைவரும் அகற்றப்படவில்லை, அவர்கள் பார்த்திருக்கவே பந்தி விரிக்கப்படுகிறது. இச்சங்கீதத்தை அடக்க ஆராதனைக்கு மட்டும் உரியதாக ஒதுக்கி வைப்பது அதன் பாதியை இழப்பதாகும்.

1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமமே இடம்பெயர்ந்தது. கொக்குவில் மக்களும் நாவற்குழிப் பாதையில் தென்மராட்சி நோக்கி நெரிந்து நகர்ந்தார்கள். புறப்படுமுன் ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டவர் பலர். கட்டிலே கிடந்து பட்டினியில் சாக வேண்டாம் என்ற இரக்கம் அது. ஆனால் அவிழ்ந்த ஆட்டுக்குப் போக்கிடம் இல்லை; அழைக்கக் குரலும் இல்லை. விடுதலையையும் வழிநடத்துதலையும் ஒன்றெனக் கொள்ளும் இறையியலுக்கு அந்த ஆடுகளைப் பற்றிச் சொல்ல எதுவும் இராது. யோவான் 10 முன்னே நடப்பவரையும் அவர் குரலை அடையாளம் காண்பதையும் மையமாக்குகிறது. நம்பிக்கை அங்கே ஒரு கொள்கையை ஏற்றுக்கொள்வதோடு நின்றுவிடுவதில்லை. பாதை தெரியாத இடத்திலும் குரலை விடாமல் நடப்பதே அது.

இந்தக் குரலுக்குரிய இடத்தைத் திருச்சபையின் பதவிகள் எடுத்துக்கொள்ள முடியாது. எசேக்கியேல் 34 தம்மையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பரைக் கடிந்து, சிதறிய ஆடுகளைக் கடவுளே தேடுவதாக அறிவிக்கிறது. உயிர்த்த இயேசு பேதுருவிடம் ஆடுகளை ஒப்படைக்கும்போதும் அவை தம்முடையவை என்றே சொல்கிறார். போதகரிடம் மந்தையின் பராமரிப்பு இருக்கலாம், உரிமை இல்லை.

இதே அளவுகோலால் யோவான் 10:16ஐயும் வாசிக்க வேண்டும். இத்தொழுவத்தில் இல்லாத வேறு ஆடுகளும் தமக்கு உண்டு என்கிறார் இயேசு. சைவ அயலவரைச் சபையின் எண்ணிக்கையில் சேர்ப்பதற்கான ஆணையாக இதைக் கொள்ள இடமில்லை. அவ்வசனத்தில் அழைத்து வருபவர் மேய்ப்பர் ஒருவரே. ஏற்கெனவே தொழுவத்தில் இருக்கும் ஆடுகளுக்கு அங்கே எந்த வேலையும் தரப்படவில்லை.