ஆசிரியர் உதைத்த பந்து

1950 ஆம் ஆண்டு யூன் 29 ஆந் திகதி, பிறேசில் நாட்டின் பெலோ ஹொறிசொன்ரி நகரில், உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டியில் இங்கிலாந்தும் அமெரிக்காவும் பொருதின. இங்கிலாந்து தோற்குமென எவர்தாம் எண்ணியிருப்பார்? அமெரிக்க அணியினர் பெரும்பாலும் வேறு தொழில் செய்து பிழைத்தவர்கள். பிணவண்டி ஓட்டியவர் ஒருவர், தபாற்காரர் ஒருவர், பாடசாலை ஆசிரியர் ஒருவர். அவ்வாசிரியரே பிலடெல்பியாவைச் சேர்ந்த நடுக்கள ஆட்டக்காரர் வால்ற்றர் பார்.

38 ஆம் நிமிடத்தில், ஏறத்தாழ 25 யார் தூரத்திலிருந்து அவர் பந்தை உதைத்தார். கோல் காப்பாளர் அதனைத் தடுக்க விரைகையில், ஹெயிட்டியரான ஜோ கேற்ஜென்ஸ் குறுக்கே பாய்ந்து தலையால் தட்டித் திசைமாற்றினார். ஆட்டத்தின் ஒரே கோல் அதுவே. அது தற்செயலாய்ப் பட்டதென்று சிலர் எள்ளினர். உதைத்தவரோ அப்பெருமையைத் தமதாக்க முயன்றாரல்லர்; தலையால் அடித்தவருக்கே அது உரியதென்றார்.

வென்று திரும்பியவரை விமான நிலையத்தில் எதிர்கொண்டவர் அவருடைய மனைவி மட்டுமே. ஆசிரியத் தொழிலும் உள்ளூர் ஆட்டமும் தொடர்ந்தன. 1974 முதல் 1988 வரை பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்தார். அவருடைய புதல்வர் கிறிஸ், மற் இருவரும் புகழ்பெற்றது அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டத்தில். அந்நாட்டில் மக்கள் திரள்வது அதற்கன்றோ!

கேற்ஜென்ஸ் 1964 இல் ஹெயிட்டியில் அரசின் இரகசியப் படையினராற் கொண்டுசெல்லப்பட்டார், மீளவேயில்லை. இங்கிலாந்தை வென்ற பதினொருவரில் எஞ்சியிருந்த கடைசி மனிதராக, வால்ற்றர் பார் 2018 இல், தமது 91 ஆவது வயதிற் காலமானார்.